கீழ்வீட்டுக்காரர் கேட்டது

ஆஸ்த்ரவாவில் மைனஸ் பதினொன்று.
என் படுக்கையறையில் ஒரு சதுர அடிக்கு மட்டும்
அறுபது டிகிரி.
அந்தக் கல்லின்மேல் வயிறு பரப்பிக் கிடக்கிறாள்
முள்வால் உடும்பு,
வாலோடு சேர்த்து ஒன்றரை முழம்.
என் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றி ஆறு வருடமாகிறது.

டிராம் ஓட்டுகிறேன்.
நேரம் எழுதிவைப்பது கைப்பழக்கம்.
டிசம்பர் பதினெட்டு, பத்தொன்பது, இருபது: இணைந்தன.
பத்தாம் நாள்: பேய்ப்பசி,
கரப்பானோடு இடுக்கியையும் சேர்த்து இழுத்தாள்.
இருபத்திரண்டாம் நாள்: எலிக்குஞ்சை
நாக்கு நீட்டி மோந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
விலாவில் மேடும் பள்ளமும்,
துணிப்பைக்குள் எலுமிச்சை போட்ட மாதிரி.
வாலடியில் எலும்பு தெரிகிறது.
சேர்த்த கொழுப்பெல்லாம் மஞ்சள் கருவாகப் போய்விட்டது.

இவ்வளவும் தெரியும்.
எந்த நாள் என்பது மட்டும் தெரியாது.
போன வருடம் இதே அடையாளங்களோடு
தண்ணீர்த் தொட்டிக்குள் இட்டாள்,
ஒன்பதும் ஊறி வெளுத்துக் கிடந்தன.
அதற்கு முந்தின வருடம் இவள் உடன்பிறந்தவள்
இடம் பிடிக்காமல் உள்ளேயே அடக்கிக்கொண்டாள்.
மருத்துவரின் மேஜையில்
அந்த நோட்டு நின்றுபோகிறது.
அடுத்த பக்கம் வேறு பேனா.

மண்தான் எல்லாம்.
பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும்,
விரல் பட்டால் உதிர வேண்டும்.
ஒரு முழ ஆழத்தில் இருபத்தொன்பது டிகிரி.
ஆற்றுமணல், தோட்டமண், ஒரு கை களி:
நாலு முறை கலந்தேன்.
நாலு முறையும் தோண்டினாள், தலையை நுழைத்தாள்,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள்
குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போவதுபோலப் போனாள்.
விளக்கு அணைந்த பிறகும் பிறாண்டல்.
என் தரை, கீழே ஷிமெச்செக்கின் கூரை.
துடைப்பக் கட்டையால் இடித்தார்.

லிஃப்டில் ஒருநாள்,
"மேலே என்ன, சுரங்கமா வெட்டுகிறீர்கள்?"
இருபத்தாறு வருடம் நிலக்கரிக்கு இறங்கியவர்.
சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.
காது மட்டும் இன்னும் ஷிஃப்டில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, பணி முடிந்து வருகிறேன்.
என் கதவருகில், வீட்டுச் செருப்போடு, அவர்.
"முடிந்துவிட்டது" என்றார்.
சாவி கையிலிருந்து நழுவியது.

"அப்படி இல்லை.
இத்தனை நாளும் சும்மா தட்டிப் பார்த்தது.
நாலு தட்டு, நிறுத்தம், வேறு இடம்.
இன்று மத்தியானம் ஒரே இடம், இரண்டு மணி நேரம்.
அப்புறம் சத்தமே இல்லை.
அப்புறம் மூடுகிற சத்தம்.
அது வேறு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பெட்டிக்குள் மண் மெழுகிவிட்டதுபோல் சமமாக.
அவள் கல்லின்மேல்,
மூக்குத் துளையில் சேறு,
விலா இரண்டும் உள்வாங்கிப்போய்.
கரண்டியால், பிறகு விரலால், தோண்டினேன்.
அவர் டார்ச் பிடித்தார்.
ஒவ்வொன்றின் மேற்புறமும் பென்சிலால் ஒரு கோடு.
உருளக் கூடாது;
மேல் எதுவோ அதுவே கடைசிவரை மேல்.

கடைசியாக வந்தது மஞ்சளாக, சப்பையாக.
இது கூடாது, கருவில்லை என்றேன்.
"அதையும் வையுங்கள்."
வைத்தேன்.
அவர் இன்னொரு முறை எண்ணினார்,
உதட்டசைவில், டார்ச்சை ஒவ்வொன்றின்மேலும் நிறுத்தி.
"பன்னிரண்டு பேர்" என்றார்.
திருத்திக்கொள்ளவில்லை.

அவள் கல்லிலிருந்து இறங்கி வந்தாள்.
காலியான குழியை
மறுபடி மூட ஆரம்பித்தாள்.
கீழ்வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை.
அவர் இங்கே நின்றுகொண்டிருந்தார்,
டார்ச்சை அணைக்க மறந்து.